குழந்தையின் குடலுக்கும் வயது உண்டு

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடம் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டைக் கண்டறிய உலக சுகாதார நிறுவனம் மூன்று அடையாளங்களை வகுத்திருக்கிறது. ஆறு மாதம் கடந்த குழந்தையின் மேல்கை நடுப்பகுதியின் சுற்றளவு 115 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பது ஒன்று. உயரத்துக்கு ஏற்ற எடை, இருக்க வேண்டிய சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கும் கீழே போயிருப்பது இன்னொன்று. இரண்டு பாதங்களிலும் நீர் கோத்து, விரலால் அழுத்தினால் குழி விழுவது மூன்றாவது. இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே அந்தக் குழந்தை உயிராபத்தில் இருக்கிறது என்று பொருள்.

எலும்பும் தோலுமாக வற்றிப்போகும் நிலையை மராஸ்மஸ் என்கிறார்கள். கை, கால், முகம் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மாறிச் சோர்ந்து கிடக்கும் நிலை குவாஷியார்கர். இன்றைய கானாவான அன்றைய கோல்ட் கோஸ்ட்டில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் 1930களில் இதை மருத்துவ உலகுக்கு விவரித்தார். புரதம் போதாததால் வரும் நோய் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஆனால் ஒரே வீட்டில், ஒரே பானையிலிருந்து உண்ணும் இரண்டு குழந்தைகளில் ஒன்று வீங்கிப் படுக்க, மற்றொன்று ஓடி விளையாடுவது ஏன் என்பதற்குப் புரதக் கணக்கில் மட்டும் விடை கிடைக்கவில்லை.

2022ஆம் ஆண்டுக்கான ஐ.நா. அமைப்புகளின் மதிப்பீட்டின்படி, உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 4.5 கோடிக் குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தார்கள். அவர்களில் 1.37 கோடிப் பேர் மிகக் கடுமையாக மெலிந்தவர்கள். வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியவர்கள் 14.8 கோடி. இந்தியாவில் 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 35.5 சதவீதக் குழந்தைகள் வளர்ச்சி குன்றியவர்கள், 19.3 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 7.7 சதவீதம் பேர் கடுமையாக மெலிந்தவர்கள் என்று தெரிந்தது. நாட்டின் பல மாநிலங்களைவிட முன்னேறிய தமிழ்நாட்டிலும் நான்கில் ஒரு குழந்தை குன்றிய வளர்ச்சியோடுதான் இருந்தது.

கடுமையான குறைபாட்டுக்குச் சிகிச்சை இல்லாமல் இல்லை. சிக்கலான நிலையில் வரும் குழந்தைக்கு முதலில் எஃப்-75 என்ற பால் கலவையைச் சிறுகச் சிறுகத் தருகிறார்கள். நூறு மில்லிலிட்டருக்கு 75 கிலோகலோரி மட்டுமே கொண்ட மென்மையான உணவு இது. உடல் ஓரளவு நிலைபெற்ற பிறகே சத்துச் செறிவு மிகுந்த எஃப்-100 வருகிறது. 1990களின் பிற்பகுதியில் ஆந்த்ரே பிரியாந்த் என்ற பிரெஞ்சு மருத்துவரும் மிஷேல் லெஸ்கான் என்ற உணவுத் தொழில் வல்லுநரும் நிலக்கடலை விழுது, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் சேர்த்துப் ‘பிளம்பிநட்’ என்ற பசையை உருவாக்கினார்கள். தண்ணீர் கலக்க வேண்டாம், சமைக்க வேண்டாம், சீக்கிரம் கெடாது. பாக்கெட்டைக் கிழித்து அப்படியே ஊட்டலாம். மலாவி நாட்டில் மார்க் மனாரி என்ற குழந்தை மருத்துவர் இதைக்கொண்டு வீட்டிலேயே குழந்தைகளைத் தேற்ற முடியும் என்று காட்டினார். சிக்கல் இல்லாத குழந்தைகளை மருத்துவமனையில் சேர்க்காமல் ஊரிலேயே வைத்துக் குணப்படுத்தும் முறையை 2007இல் ஐ.நா. அமைப்புகள் கூட்டாக ஏற்றுக்கொண்டன. இந்தப் பசை காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்.

ஆனால் உயிர் பிழைத்த குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு ஒரு கவலை தீரவே இல்லை. எடை கூடி வீடு திரும்பிய குழந்தைகளில் பலர் மறுபடி மெலிந்தார்கள். உயரம் பின்தங்கியே நின்றது. வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் திரும்பத் திரும்ப வந்தன. கற்கும் திறனிலும் சிலர் பின்தங்கினார்கள். வயிற்றுக்குள் போன உணவு கணக்குப்படி போதுமானதுதான். ஆனாலும் உடல் அதைக்கொண்டு முழுமையாக வளரவில்லை. இந்தப் புதிருக்கு விடை தேடியவர்களில் சிலர் குழந்தையின் பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களின் பக்கம் திரும்பினார்கள்.

பிறக்கும்போது குழந்தையின் குடலில் அநேகமாக நுண்ணுயிரிகளே இருப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்திலேயே தாயின் உடலிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் அவை குடியேறத் தொடங்குகின்றன. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் மாதங்களில் பிஃபிடோபாக்டீரியம் என்ற இனமே குடலை ஆள்கிறது. இதற்குக் காரணம் தாய்ப்பாலிலேயே இருக்கிறது. தாய்ப்பாலில் உள்ள சிக்கலான சர்க்கரைச் சங்கிலிகள் பலவற்றைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. கொழுப்புக்கும் லாக்டோஸுக்கும் அடுத்தபடியாகப் பாலில் மிகுதியாக உள்ள திடப்பொருள் இவைதான். குழந்தைக்குப் பயன்படாத ஒன்றைத் தாயின் உடல் இவ்வளவு செலவழித்து ஏன் உண்டாக்க வேண்டும்? அது பிஃபிடோபாக்டீரியத்துக்கான உணவு. குறிப்பாக இன்ஃபாண்டிஸ் என்ற துணையினம் இந்தச் சங்கிலிகளைத் தகர்ப்பதற்கென்றே நொதிகள் வைத்திருக்கிறது. தாய் ஊட்டும்போது பிள்ளைக்கும் பிள்ளையின் பாக்டீரியாவுக்கும் சேர்த்தே ஊட்டுகிறாள்.

ஆறு மாதத்துக்குப் பிறகு கஞ்சி, பருப்பு, பழம், காய் என்று இணை உணவு தொடங்கியதும் குடலின் குடிமக்கள் மாறுகிறார்கள். மாவுப்பொருளையும் நார்ச்சத்தையும் நொதிக்கவைக்கும் புதிய இனங்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. 2012இல் மலாவி, வெனிசுவேலா, அமெரிக்கா ஆகிய மூன்று நாட்டு மக்களை ஒப்பிட்டு வெளியான ஆய்வு, வாழிடம் எதுவானாலும் குழந்தையின் குடல் நுண்ணுயிர்க் கூட்டம் ஏறத்தாழ மூன்று வயதுக்குள் பெரியவர்களுடையதை ஒத்துவிடுகிறது என்று காட்டியது. அதாவது கல்லீரல், மூளை, எலும்பு இவற்றோடு கூடவே இந்த நுண்ணுயிர்க் கூட்டமும் ஒரு முறைப்படி முதிர்கிறது. அது முதிரும் காலமும், குழந்தைகள் மெலிந்தும் குன்றியும் போகும் காலமும் ஒன்றே.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கார்டன் என்பவரின் ஆய்வுக்கூடம் இத்துறையில் முன்னோடி. உடல் பருத்த எலியின் குடல் நுண்ணுயிரிகளை, நுண்ணுயிரியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிக்கு மாற்றினால் அதன் உடலிலும் கொழுப்பு கூடுதலாகச் சேர்கிறது என்று 2006இல் இவர்கள் காட்டியிருந்தார்கள். பருமனுக்குப் பொருந்தும் இது மெலிவுக்கும் பொருந்துமா என்பது அடுத்து எழுந்த கேள்வி. அதைச் சோதிக்க மலாவியின் இரட்டைக் குழந்தைகள் உதவினார்கள்.

மலாவியில் 317 இரட்டையர் இணைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயது வரை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். ஒரே தாய், ஒரே வீடு, ஒரே உணவு. பாதி இணைகளில் இருவருமே நல்ல உடல்நிலையோடு இருந்தார்கள். 43 சதவீத இணைகளில் ஒரு குழந்தை மட்டும் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் விழுந்தது. இருவருமே விழுந்த இணைகள் 7 சதவீதம்தான். இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் குவாஷியார்கர் வந்த இணைகளைத் தேர்ந்தெடுத்து, இருவரின் மலத்தையும் மாதக்கணக்கில் சேகரித்து ஒப்பிட்டார்கள். நலமான குழந்தையின் நுண்ணுயிர்க் கூட்டம் வயதோடு சேர்ந்து முன்னேறிக்கொண்டிருந்தது. நோயுற்ற குழந்தையுடையது நின்ற இடத்திலேயே நின்றது. நிலக்கடலைப் பசை கொடுத்த வாரங்களில் அது சற்று அசைந்தது. பசையை நிறுத்தியதும் பழைய நிலைக்கே சரிந்தது.

நோயால் நுண்ணுயிரிகள் மாறினவா, நுண்ணுயிரிகளால் நோய் வந்ததா என்பது இதைமட்டும் வைத்துச் சொல்ல முடியாத விஷயம். ஆகவே இரட்டையர் இருவரின் நுண்ணுயிரிகளையும் தனித்தனியாகக் கிருமியற்ற எலிகளின் குடலில் செலுத்தினார்கள். மக்காச்சோள மாவை முதன்மையாகக் கொண்ட, சத்துக் குறைவான மலாவி உணவையே அந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். குவாஷியார்கர் குழந்தையின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகள் வெகுவாக எடை இழந்தன. நலமான குழந்தையின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகள் அந்த அளவுக்கு மெலியவில்லை. முக்கியமான விவரம் இன்னொன்றும் உண்டு. நோயுற்ற குழந்தையின் நுண்ணுயிரிகளைப் பெற்ற எலிகளுக்கே வழக்கமான சத்தான எலித்தீனியைக் கொடுத்தபோது அந்தக் கடும் மெலிவு நேரவில்லை. கெட்ட உணவு மட்டும் போதாது, முதிராத நுண்ணுயிர்க் கூட்டம் மட்டும் போதாது. இரண்டும் ஒன்றுகூடும் இடத்தில்தான் உடல் சரிகிறது. 2013இல் சயன்ஸ் இதழில் வெளியான இந்த ஆய்வு, பசி என்பதைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது எனலாம்.

அதற்கடுத்த பெரும் முன்னேற்றம் டாக்காவில் நிகழ்ந்தது. அங்குள்ள சர்வதேச வயிற்றுப்போக்கு நோய் ஆராய்ச்சி மையத்தை ஊர்மக்கள் இன்றும் காலரா ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரால் காலரா நோயாளிகளைக் காப்பாற்றலாம் என்று 1960களின் பிற்பகுதியில் நிறுவிய பெருமை அந்த மையத்துக்கு உண்டு. அதன் ஊட்டச்சத்து ஆய்வாளர் தஹ்மீத் அகமதும் கார்டனும் கைகோத்தார்கள். டாக்காவின் மீர்பூர் குடிசைப் பகுதியில் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த 50 குழந்தைகளிடமிருந்து, பிறந்தது முதல் இரண்டு வயது வரை மாதந்தோறும் மல மாதிரி எடுத்தார்கள். எந்த மாதத்தில் எந்த பாக்டீரியா வந்து சேர்கிறது, எது விலகுகிறது என்று கணினியைக்கொண்டு அலசியபோது, வயதைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும் 24 வகைகள் பிடிபட்டன. அவற்றின் அளவுகளைப் பார்த்தே, குழந்தையைப் பார்க்காமல், அதற்கு எத்தனை மாதம் என்று சொல்லிவிட முடிந்தது. குடலுக்கு ஒரு வயது கிடைத்துவிட்டது.

இந்த அளவுகோலைக் கடுமையான குறைபாட்டோடு டாக்கா மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 64 குழந்தைகளிடம் வைத்துப் பார்த்தார்கள். அவர்களின் உடல் வயதைவிடக் குடல் வயது பல மாதங்கள் பின்தங்கியிருந்தது. சிலருக்குப் பிளம்பிநட்டும், சிலருக்கு உள்ளூரில் தயாரித்த கிச்சடி-அல்வா உணவும் கொடுக்கப்பட்டன. கிச்சடி அரிசியும் பருப்பும் சேர்ந்தது. அல்வா கோதுமை மாவு, பருப்பு, வெல்லப்பாகு கலந்தது. இரண்டு தரப்பிலும் எடை ஏறியது, குடல் வயதும் ஓரளவு முன்னேறியது. சிகிச்சை முடிந்து சில மாதங்களில் அந்த முன்னேற்றம் கரைந்துபோனது. எடை குறிக்கும் தராசு குழந்தை தேறிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்க, குடல் மட்டும் கைக்குழந்தையின் பருவத்திலேயே தங்கிவிட்டது. 2014இல் நேச்சர் இதழில் வெளியான இந்த முடிவு, தேறிய குழந்தைகள் ஏன் முழுமையாக வளரவில்லை என்பதற்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கங்களில் ஒன்று.

முதிர்ந்த நுண்ணுயிர்க் கூட்டம் உடலுக்கு என்ன செய்கிறது? சிறுகுடலில் செரிக்காமல் தப்பிவரும் மாவையும் நாரையும் நொதிக்கவைத்து, அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகிறது. பெருங்குடல் செல்களுக்கு பியூட்டிரேட்தான் முதன்மையான எரிபொருள். சில வைட்டமின்களை உண்டாக்குகிறது. நோய்க்கிருமிகள் காலூன்ற இடமில்லாமல் செய்கிறது. எதை எதிர்க்க வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நோய் எதிர்ப்பு மண்டலம் கற்றுக்கொள்வதும் இந்தக் கூட்டத்தோடு பழகித்தான். எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற ஹார்மோனின் அளவில்கூட நுண்ணுயிரிகளுக்குப் பங்குண்டு என்பதை 2016இல் வெளியான எலிச் சோதனைகள் காட்டின. சத்துக் குறைந்த உணவு உண்ட எலிக்குட்டிகள், லாக்டோபேசிலஸ் பிளாண்டாரம் இனத்தின் ஒரு வகை குடலில் இருந்தபோது கூடுதலாக வளர்ந்தன.

பெருங்குடலை மட்டும் பார்த்தால் கதையின் பாதிதான் தெரியும். சத்தை உறிஞ்சும் வேலை சிறுகுடலுடையது. அதன் உட்சுவரில் விரல் விரலாக நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அழுக்கு நீர், திறந்தவெளி மலம், நெருக்கடியான குடியிருப்பு என்ற சூழலில் வாழும் குழந்தைகளுக்கு, வெளியே நோய் எதுவும் தெரியாமலே இந்த உறிஞ்சிகள் குட்டையாகி மழுங்கிவிடுகின்றன. குடல் சுவர் கசியத் தொடங்குகிறது. உள்ளே ஓயாத அழற்சி. வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து அழற்சிக்கே செலவாகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் 1960களிலிருந்தே தென்னிந்தியர்களின் சிறுகுடலை ஆராய்ந்தவர்கள். நலமாக நடமாடுபவர்களின் குடலுறிஞ்சிகள்கூட மேலைநாட்டினருடையதைவிட மழுங்கியிருப்பதை அவர்களின் ஆய்வுகள் பதிவு செய்தன. குழந்தைகளின் குடல் தொற்றையும் வளர்ச்சியையும் எட்டு நாடுகளில் பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வின் இந்தியக் களமும் வேலூர்தான். அங்கே வளர்ச்சி குன்றிய பத்துக் குழந்தைகளையும் குன்றாத பத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்ட சிறிய ஆய்வு 2016இல் வெளியானது. குன்றாத குழந்தைகளிடம் பிஃபிடோபாக்டீரியம் லாங்கம் மிகுந்திருந்தது. குன்றியவர்களிடம் அழற்சியைத் தூண்டக்கூடிய இனங்கள் கூடியிருந்தன.

சிறுகுடலுக்குள் எட்டிப் பார்ப்பது எளிதல்ல. குழந்தைகளுக்கு எண்டோஸ்கோப்பி செய்வதற்கு வலுவான மருத்துவக் காரணம் வேண்டும். மீர்பூரில் தினமும் முட்டையும் பாலும் கொடுத்தும் தேறாத 110 குழந்தைகளுக்கு அந்தப் பரிசோதனை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோரின் சிறுகுடலின் தொடக்கப் பகுதி சேதமடைந்திருந்தது. அங்கே, வழக்கமாக நுண்ணுயிரிகள் குறைவாகவே இருக்க வேண்டிய இடத்தில், 14 வகை பாக்டீரியாக்களின் அளவு கூடக்கூட உயரக்குறைவும் கூடியது. அவற்றைக் கிருமியற்ற எலிகளுக்கு மாற்றியபோது எலிகளின் சிறுகுடலும் சேதமுற்றது. இந்த பாக்டீரியாக்கள் வழக்கமாக நோய்க்கிருமி என்று கருதப்படுபவை அல்ல. இடம் மாறி, அளவு மிஞ்சி இருப்பதே கேடு செய்கிறது.

பாக்டீரியாதான் பிரச்சினை என்றால் ஆண்டிபயாடிக் கொடுத்தால் போகிறது என்று தோன்றலாம். மலாவியில் 2,767 குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான பரிசோதனையில், சிகிச்சைப் பசையோடு ஒரு வாரம் அமாக்சிசிலின் தந்தபோது இறப்பு 4.8 சதவீதமாகவும், வெற்றுமருந்து தந்தபோது 7.4 சதவீதமாகவும் இருந்தது. புறக்கணிக்க முடியாத வேறுபாடு. ஆனால் நைஜர் நாட்டில் ஏறத்தாழ 2,400 குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளியான அதே போன்ற பரிசோதனையில், குணமடைந்தோரின் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. குவாஷியார்கரும் எச்ஐவியும் மலாவியில் மிகுதி என்பது இந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். மருத்துவ வசதியும் ஊருக்கு ஊர் மாறும். கடுமையான குறைபாட்டில் தொற்று மறைந்திருக்கும் என்பதால் மருத்துவர் மேற்பார்வையில் இம்மருந்து இன்றும் தரப்படுகிறது. அது கொல்லும் தொற்றைத் தடுக்கிறது. முதிராத குடலை முதிரச் செய்வதில்லை. சாதாரணச் சளிக்கும் வயிற்றுப்போக்குக்கும் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கும் ஆண்டிபயாடிக் இந்தக் கணக்கில் சேராது. அது குடலின் முதிர்ச்சியைப் பின்னுக்கே தள்ளக்கூடும்.

நல்ல பாக்டீரியாவை நேரடியாக ஊட்டிவிட்டால் என்ன என்பது இன்னொரு எண்ணம். மலாவியில் 795 குழந்தைகளுக்குச் சிகிச்சை உணவோடு நான்கு வகை பாக்டீரியாக்களையும் நார்ச்சத்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவு ஏமாற்றமே தந்தது. குணமடைவதில் முன்னேற்றம் இல்லை. உழாத வறண்ட நிலத்தில் விதை தூவியது போலாயிற்று. எந்தக் குழந்தைக்கு, எந்த வயதில், எந்தப் பாக்டீரியா, அதற்கு உணவாக எது என்பதைப் பாராமல் கொடுத்தால் அது தங்காது. இதற்கு மாறாக, டாக்காவில் ஆறு மாதத்துக்கும் குறைந்த, கடுமையாக மெலிந்த சிசுக்களுக்கு இன்ஃபாண்டிஸ் பாக்டீரியா கொடுத்தபோது எடை கூடுதலாக ஏறியதை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. தாய்ப்பால் பருவத்துக்கு உரிய பாக்டீரியா, உரிய வயதில் போனதன் பலன் அது. விளம்பரங்களில் வரும் எல்லாப் புரோபயாடிக் பொடிகளுக்கும் இந்தப் பெருமையைப் பங்குபோட முடியாது.

டாக்கா-செயின்ட் லூயிஸ் குழு வேறு வழியில் சென்றது. பாக்டீரியாவை வெளியிலிருந்து கொண்டுவருவதற்குப் பதிலாக, குழந்தையின் குடலில் ஏற்கெனவே தேங்கிக் கிடக்கும், வயதுக்குரிய இனங்களை வளர்க்கும் உணவு எது என்று தேடினார்கள். வங்கதேசத்துக் குழந்தைகளுக்கு வழக்கமாக ஊட்டும் உணவுப் பொருட்களை, குழந்தைகளின் நுண்ணுயிரிகள் குடியேற்றப்பட்ட எலிகளுக்கும் பன்றிக்குட்டிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அரிசி, பருப்பு, பால்மாவு ஆகியவை சத்தானவைதான். ஆனால் தேவையான இனங்களை அவை பெரிதாக வளர்க்கவில்லை. கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய் ஆகியவை வளர்த்தன. வாழைக்காயின் மாவுச்சத்தில் பெரும்பகுதி சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போய்ச் சேரும். நீடித்த வயிற்றுப்போக்கு உள்ள குழந்தைகளுக்கு வேகவைத்த வாழைக்காய் நல்லது என்பதை டாக்கா மருத்துவர்களே முன்பு காட்டியிருந்தார்கள்.

இவற்றை வெவ்வேறு விதமாகச் சேர்த்து மூன்று கலவைகள் தயாராயின. 2019இல் வெளியான முதல் பரிசோதனையில், மிதமான குறைபாடுள்ள 63 குழந்தைகள் ஒரு மாதம் அவற்றில் ஒன்றையோ வழக்கமான துணை உணவையோ உண்டார்கள். இரண்டாம் கலவையே முந்தியது. அது ஊட்டப்பட்ட குழந்தைகளின் நுண்ணுயிர்க் கூட்டம் நலமான குழந்தைகளுடையதை நெருங்கியது. எலும்பு, மூளை, எதிர்ப்பு மண்டலம் இவற்றின் வளர்ச்சியோடு தொடர்புடைய ரத்தப் புரதங்களும் அதே திசையில் நகர்ந்தன.

பிறகு மீர்பூரில் 12 முதல் 18 மாதம் வரையிலான, மிதமான குறைபாடுள்ள 123 குழந்தைகள் பெரிய பரிசோதனையில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பாதிக்கு இரண்டாம் கலவை; மறுபாதிக்கு அரிசி, பருப்பு, பால்மாவு கலந்த வழக்கமான துணை உணவு. நாளுக்கு இரண்டு வேளை, மூன்று மாதம். புதிய கலவையில் கலோரி குறைவு என்பது கவனிக்க வேண்டிய செய்தி. கலோரிதான் எல்லாம் என்றால் அது பின்தங்கியிருக்க வேண்டும். நடந்தது எதிர்மாறு. உயரத்துக்கேற்ற எடையின் மதிப்பெண் புதிய கலவை உண்ட குழந்தைகளிடம் வாரத்துக்கு 0.021 என்ற வேகத்திலும், மற்றவர்களிடம் 0.010 என்ற வேகத்திலும் உயர்ந்தது. வளர்ச்சியோடு சேர்ந்து 21 வகை பாக்டீரியாக்கள் பெருகின. ரத்தத்தில் 70 புரதங்கள் எடை முன்னேற்றத்தோடு ஒத்து நடந்தன. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2021இல் இதை வெளியிட்டது. அந்தப் பாக்டீரியாக்களில் முதன்மையானது பிரிவோட்டெல்லா காப்ரி என்றும், கலவையில் உள்ள கடலை வகைகளின் செல்சுவர் சர்க்கரைகளைச் சிதைக்கும் திறன் பெற்ற அதன் சில வகைகளே எடை ஏற்றத்தோடு தொடர்புடையவை என்றும் 2024இல் வெளியான தொடர் ஆய்வு சொன்னது.

நம்பிக்கை தரும் முடிவு இது. ஆனாலும் நூற்றுச் சொச்சம் குழந்தைகள், ஒரே நகரின் ஒரே குடிசைப் பகுதி, மிதமான குறைபாடு, மூன்று மாதம் என்ற எல்லைகளுக்குள் கிடைத்தது. மலாவியின் குழந்தையும் மீர்பூரின் குழந்தையும் ஒரே நுண்ணுயிர்களைச் சுமப்பதில்லை. ஆகவே ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேறு நாடுகளில் பெரிய அளவில் சோதித்துப் பார்க்கும் பணி தொடங்கப்பட்டிருக்கிறது. கடலையும் வாழைக்காயும் தென்னிந்தியச் சமையலறையில் என்றும் இருப்பவை என்பதால், வீட்டிலேயே அரைத்துக் கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று யாரும் முயலக் கூடாது. வற்றிப்போன உடலுக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் தாது உப்புகளின் அளவு தாறுமாறாகி இதயமே நின்றுபோகக் கூடும். மருத்துவமனையில் எஃப்-75இலிருந்து தொடங்குவது அதனால்தான்.

நுண்ணுயிரி ஆய்வுகளைச் சாக்காக வைத்து வறுமையை மறந்துவிடவும் கூடாது. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குக் கழிப்பறையும் சுத்தமான நீரும் கைகழுவும் வசதியும் செய்துகொடுத்துக் குழந்தைகளின் உயரத்தை அளந்த பெரும் பரிசோதனைகளின் முடிவுகள் 2018ஐ ஒட்டி வெளியாயின. சுகாதார வசதிகளால் மட்டும் உயரம் கூடவில்லை. துணை உணவு கொடுத்த குழந்தைகளிடம் சிறிதளவு கூடியது. இதைக் கண்டு கழிப்பறையால் பயனில்லை என்று முடிவு கட்டுவது தவறு. வீட்டுக்கு ஒரு கழிப்பறை கொடுத்தாலும் தெருவில் ஓடும் சாக்கடையும் முற்றத்தில் திரியும் கோழியும் அப்படியே இருந்தால் குழந்தையின் வாய்க்குப் போகும் கிருமி குறைவதில்லை. அரைகுறையான சுத்தம் குடலைக் காக்காது என்பதே அந்த முடிவுகளிலிருந்து கொள்ளத்தக்க பொருள்.

தமிழ்நாட்டில் 2022இல் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் தொடங்கியபோது, கடுமையான குறைபாடுள்ள குழந்தைகளைத் தேடிப்பிடித்துச் சிகிச்சை உணவு கொடுப்பது அதன் முக்கியப் பணியாக இருந்தது. தேடிப்பிடிப்பதே பாதி வேலை. மிச்சப் பாதி, குழந்தை தேறி வீட்டுக்குப் போன பின் வரும் மாதங்களில் இருக்கிறது. குடலின் வயது உடலின் வயதைப் பிடிக்க வேண்டிய மாதங்கள் அவை. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அதன் பிறகு தாய்ப்பாலோடு தானியம், பருப்பு, கடலை, காய், பழம், முட்டை என்று பலவகை உணவு. நுண்ணுயிரிகளைப் பற்றிய இருபதாண்டு ஆய்வுகள் வேறு எந்த அதிசயப் பொருளையும் கண்டுபிடித்துத் தரவில்லை. இந்த எளிய உணவுகள் ஏன் வேலை செய்கின்றன, அவற்றில் எவை யாருக்குத் தேவை என்பதைத்தான் கண்டுபிடித்துத் தந்திருக்கின்றன. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, குடல் நுண்ணுயிர்க் கூட்டம் முதிர வேண்டிய ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில், போதுமான வகையிலும் வேளையிலும் உணவு பெற்றவர்கள் 11.3 சதவீதம் பேர் மட்டுமே.